தாய்மாமன் இல்லாத வீடு

கடலூருக்கு நான் போனது ஒரு காதுகுத்துக்கு. என் தங்கை கலாவின் மூத்தவள் தாரணிக்கு ஐந்து வயது ஆகிவிட்டது. மொட்டையடித்துக் காது குத்துவதை வருடாவருடம் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தார்கள். மடியில் உட்கார வைத்துக்கொள்ளத் தாய்மாமன் இல்லை என்பதுதான் காரணம். எங்கள் அம்மாவுக்கு நாங்கள் இரண்டு பெண்கள் மட்டும்தான். "மாமா இல்லன்னா என்ன, பெரியம்மா மடி இருக்குல்ல, நீ வாக்கா" என்று கலா போனில் சொன்னாள். மலேசியாவில், ஈப்போவில் நான் வேலை பார்க்கும் தபால் நிலையத்தில் பத்து நாள் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டுப் புறப்பட்டேன்.

கலாவுக்கு இரண்டாவதாக ஒரு பையன் பிறந்து பத்து வாரம் ஆகியிருந்தது. இனியன் என்று பெயர். அவனைப் பற்றி நான் அதிகம் விசாரிக்கவில்லை. ஆண் குழந்தை என்று சேதி வந்த நாளிலிருந்தே கேட்க எனக்குப் பயமாக இருந்தது.

முதல் நாள், சென்னையிலிருந்து கடலூர் வருவதற்குள் புடவை இரண்டு முறை நனைந்து இரண்டு முறை காய்ந்தது. மே மாதம். ஈப்போவிலும் வெயில்தான், ஆனால் சாயங்காலம் ஒரு மழை வந்து ஊரைக் கழுவிவிட்டுப் போகும். இங்கே மழைக்கு அறிகுறியே இல்லை. வழியெல்லாம் பண்ருட்டிப் பலாப்பழத்தைக் குவித்து வைத்து விற்றுக்கொண்டிருந்தார்கள். காரின் கண்ணாடியை ஏற்றினாலும் அந்த மணம் உள்ளே வந்தது.

கூத்தப்பாக்கத்தில் வீடு. கலாவின் கணவர் சரவணன் மலேசியாவில் பத்து வருடம் ஏசி மெக்கானிக்காக இருந்தவர். அங்கேதான் கலாவைப் பார்த்துக் கட்டிக்கொண்டு, பிறகு ஊருக்கே திரும்பிவிட்டார். வீட்டில் சமையல் எல்லாம் மாமனார் கைதான். தணிகாசலம் மாமா அரசு பஸ் டிரைவராக இருந்து ஓய்வு பெற்றவர், மனைவியை இழந்தவர். எனக்காக வஞ்சிரம் வாங்கி வந்து மிளகாய் தடவி வைத்திருந்தார். "மலேசியாவுல காரம் கம்மின்னு சொல்வாங்க. நான் ஜாஸ்தி போடல, பயப்படாம சாப்டும்மா" என்றார்.

நல்ல கைப்பக்குவம். ஆனால் நான் குழந்தையைப் பார்க்காமல் எப்படிச் சாப்பிடுவது? "தூங்குறான்கா" என்றாள் கலா. சாப்பிட்டு முடித்தேன். "இப்பதான் பால் குடிச்சான்கா" என்றாள். மாலையில் நானாகவே உள்ளறைக்குப் போனேன். வெயில் காலத்தில் ஏன் அவனைத் துணியில் சுற்றி வைத்திருக்கிறாள் என்று நினைத்தபடி துணியை விலக்கினேன்.

கன்னத்திலும் காதுக்குப் பின்னாலும் முழங்கை மடிப்பிலும் சிவப்பாகச் செதில் செதிலாக ஒரு படை. பத்து வாரக் குழந்தைக்கு இருக்கவேண்டிய சதை தொடையில் இல்லை.

"வேர்க்குரு" என்றாள் கலா, என் முகத்தைப் பார்க்காமல்.

நான் அந்தப் படையை முன்பே பார்த்திருக்கிறேன். பத்தொன்பது வருடங்களுக்கு முன்னால், என் மகன் கதிரின் கன்னத்தில். அவன் நான்கு மாதம்தான் உயிரோடு இருந்தான்.

மறுநாள் காலை திருவந்திபுரம் கோயில். கெடிலம் ஆற்றில் தண்ணீர் அங்கங்கே குட்டையாகக் கிடந்தது. மலைப்படிக்குக் கீழே மொட்டை போடும் இடத்தில் வரிசையாகக் குழந்தைகள் வீறிட்டுக்கொண்டிருந்தன. ஒரே முகூர்த்தத்தில் எத்தனையோ கல்யாணம், எத்தனையோ காதுகுத்து. யாரோ ஒருவர் தன் வீட்டுப் பெண்ணென்று நினைத்து எனக்குச் சந்தனம் பூசிவிட்டுப் போனார். பினாங்குக் கோயில்களில் இவ்வளவு கூட்டத்தைத் தைப்பூசத்தில்தான் பார்க்கமுடியும்.

தாரணியை மடியில் வைத்துக்கொண்டேன். காது குத்தும் ஆசாரி ஊசியைத் துடைத்துக்கொண்டே, "மாமன் எங்க, கூப்புடுங்க" என்றார்.

"அவுங்களுக்குக் கூடப் பொறந்த ஆம்பள இல்லீங்க. இவங்க பெரியம்மா" என்றார் தணிகாசலம் மாமா.

ஆசாரி தலையாட்டிவிட்டுக் காதைப் பிடித்தார். சாதாரணமாகச் சொன்ன வார்த்தைதான். நான் தாரணியை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். கூடப்பிறந்த ஆண் இல்லாமல் இல்லை. பிறந்தார்கள். எனக்கு முன்னால் ஒருவன், எனக்கும் கலாவுக்கும் நடுவில் ஒருவன். இரண்டு பேரும் ஒரு வயதைத் தாண்டவில்லை. எங்கள் வீட்டில் அதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. கலாவின் கல்யாணப் பேச்சின்போதும் பேசவில்லை.

இலையில் வடை பாயசத்தோடு சாப்பாடு போட்டார்கள். என்ன சாப்பிட்டேன் என்று நினைவில்லை.

வீடு திரும்பியதும் கொல்லையில் கை கழுவப் போனேன். குழந்தையின் ஈரத் துணிகளைத் துவைக்கும் கல்லுக்குப் பக்கத்தில் போட்டிருந்தார்கள். மூத்திரத் துணியை எறும்பு மொய்த்திருந்தது. சின்னச் சிவப்பு எறும்புகள், வாசலிலிருந்து ஒரு கோடாக வந்து அந்தத் துணியிலேயே குவிந்திருந்தன. பக்கத்தில் காய்ந்த துண்டு கிடந்தது. அதில் ஓர் எறும்புகூட இல்லை.

கதிரின் துணியிலும் இப்படித்தான் மொய்த்தது. நான் இனிப்பு மைலோ குடித்துவிட்டுக் கையைத் துடைத்திருப்பேன் என்று என் மாமியார் திட்டினார். பிறகு அவன் இறந்தபோது, "ஒன் பாலுதான் அவனுக்கு ஆவல" என்றார். ஈப்போவில் டாக்டர்கள் கிருமி என்றார்கள், பால் ஒவ்வாமை என்றார்கள், கடைசியில் ஒன்றும் சொல்லவில்லை. அதற்குப் பிறகு நானும் என் வீட்டுக்காரரும் பிள்ளையே வேண்டாம் என்று இருந்துவிட்டோம்.

மூன்றாம் நாள் காலை மொட்டை மாடியில் துணி காயப்போட வந்த கலாவை மடக்கிப் பிடித்தேன்.

"எத்தனை நாளா வயிறு போவுது?"

"மூணு வாரம். டாக்டர் பாலை மாத்தச் சொல்லியிருக்காரு. உப்புத் தண்ணி குடுக்குறேன்."

"சர்க்கரை பார்த்தாங்களா?"

"கைக்குழந்தைக்கு யாருக்கா சர்க்கரை பார்ப்பா?"

"கலா, கதிர் ஞாபகம் இருக்கா உனக்கு?"

அவள் கிளிப்பைக் கீழே போட்டுவிட்டாள். அப்போது அவளுக்குப் பதினைந்து வயது. அவனைத் தூக்கிக்கொண்டு நடந்தவள் அவள்தான்.

"சொல்லாதக்கா. இவங்ககிட்ட எதையும் சொல்லாத. நம்ம குடும்பத்துல ஒரு நோயும் இல்லன்னு சொல்லித்தான் கல்யாணம் நடந்துச்சு. இது அது இல்ல. இவனுக்கு வேர்க்குரு."

அவள் அழுதாள். நானும் வாயை மூடிக்கொண்டேன். அன்று முழுவதும் நான் அந்த வீட்டில் காய் நறுக்கினேன், தாரணியின் காதுக்கு மஞ்சள் வைத்தேன், மாமா சொன்ன பழைய பஸ் கதைகளுக்குச் சிரித்தேன். ஒரு நாளை அப்படி வீணாக்கினேன். இதை எழுதும்போதும் அந்த நாள்தான் என்னை உறுத்துகிறது.

நான்காம் நாள் காலை ஏழு மணிக்குக் கலா கத்தினாள். குழந்தை கண்ணைத் திறக்கவில்லை. மூச்சு வேகமாக, ஆழமாக, ஓடி வந்தவன் மாதிரி இரைத்தது. வாயருகே குனிந்தால் பழுத்துப் போன பழ வாசம். சரவணன் கார் பிடித்தார். உள்ளூர் கிளினிக்கில் பார்த்தவுடனேயே, "இங்க முடியாது, சிதம்பரம் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்க, நிக்காதீங்க" என்றார்கள்.

தாரணியைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு நாங்கள் நான்கு பேரும் குழந்தையும் கிளம்பினோம். ஆலப்பாக்கம் தாண்டி, புதுச்சத்திரத்துக்குச் சற்று முன்னால் டயர் வெடித்தது. மாற்று டயரிலும் காற்று இல்லை. டிரைவர் தலையில் கை வைத்துக்கொண்டு நின்றார். ரோட்டின் இரண்டு பக்கமும் நிழல் இல்லை. கலா முந்தானையால் குழந்தைக்கு வெயில் படாமல் பிடித்துக்கொண்டிருந்தாள். சரவணன் ஆம்புலன்சுக்குப் போன் போட்டார். வருகிறது என்றார்கள், எவ்வளவு நேரமாகும் என்று சொல்லத் தெரியவில்லை. நான் குழந்தையின் வயிறு ஏறி இறங்குவதை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். அது நின்றால் எனக்குத் தெரியவேண்டும் என்று ஒரு பைத்தியக்கார எண்ணம்.

அப்போது சிதம்பரம் பஸ் ஒன்று வந்தது. மாமா ரோட்டின் நடுவிலேயே போய் இரண்டு கையையும் விரித்து நின்றார்.

பஸ் கிரீச்சிட்டு நின்றது. டிரைவர் தலையை வெளியே நீட்டித் திட்ட ஆரம்பித்தவர் ஆளைப் பார்த்துவிட்டு, "அண்ணே! நீங்களா? இன்னா அண்ணே இது!" என்றார்.

"பேரன்டா செல்வராசு. மூச்சு வாங்குது. நேரா ஆஸ்பத்திரிக்கு வுடு."

ஏறினோம். மீன் கூடை வைத்திருந்த ஒரு பெண் எழுந்து இடம் கொடுத்தாள். கண்டக்டர் படியில் நின்று, "வண்டி இனிமே எங்கயும் நிக்காது. எறங்க வேண்டியவங்க கோச்சிக்காதீங்க" என்று சொன்னார். முட்லூரில் இறங்கவேண்டிய பெரியவர் ஒருவர், "போ தம்பி, நான் எதிர் பஸ் புடிச்சி வந்துக்கிறேன்" என்றார். அத்தனை பேர் நிறைந்த ஒரு பஸ் அவ்வளவு அமைதியாக ஓடி நான் கண்டதில்லை. எங்கள் ஈப்போ பஸ்ஸில் பயண அட்டையைக் கருவியில் தொட்டுவிட்டு ஏறுவோம், ஏசி குளிரில் உட்காருவோம், பக்கத்தில் இருப்பவர் யாரென்று பார்க்கமாட்டோம். வெள்ளாற்றுப் பாலத்தில் ஏறும்போது மீன்காரப் பெண் தன் தண்ணீர்ப் பாட்டிலையும் நனைத்த கைத்துண்டையும் கலாவிடம் நீட்டினாள். பஸ் ஆஸ்பத்திரி வாசலுக்கே போய் நின்றது.

குழந்தையின் குதிகாலில் ஊசி குத்தி ஒரு சொட்டு ரத்தம் எடுத்தார்கள். கருவி எண் காட்டவில்லை. அளக்க முடியாத அளவுக்கு அதிகம் என்று மட்டும் காட்டியது. பிறகு யார் யாரோ ஓடினார்கள், கதவு மூடியது.

குழந்தைகள் பிரிவில் டாக்டர் ஜெசிந்தா என்பவர் எங்களை ஒரு சின்ன அறைக்குக் கூப்பிட்டார். நாற்பது வயதிருக்கும். விடிந்ததிலிருந்து நின்றவர் போலச் செருப்பைக் கழற்றிவிட்டு உட்கார்ந்தார்.

"சர்க்கரைக்கு இன்சுலின் போவுது. இன்னும் ஒரு நாள் போனாத்தான் எதுவும் சொல்ல முடியும். ஆனா எனக்கு சர்க்கரை மட்டும் பிரச்சினையாத் தெரியல. படை, வயித்துப்போக்கு, சர்க்கரை, மூணும் ஒண்ணா வந்திருக்கு. கொஞ்சம் யோசிச்சு பதில் சொல்லுங்க. அம்மா வழியில, சின்ன வயசுலயே தவறிப்போன ஆம்பளப் பிள்ளைங்க யாராவது உண்டா?"

"இல்ல டாக்டர்" என்றாள் கலா. கேள்வி முடியும் முன்பே சொல்லிவிட்டாள்.

டாக்டர் பேனாவை மூடப் போனார். நான் கலாவைப் பார்த்தேன். அவள் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள், நகம் பதிய. நான் பயந்துதான் போயிருந்தேன். சொன்னால் என் தங்கையின் வாழ்க்கை போகும். சொல்லாவிட்டால் கதிர் போன வழியிலேயே இவனும் போவான்.

"இருக்கு" என்றேன். "மூணு பேர்."

டாக்டர் ஒரு வெள்ளைத் தாளை எடுத்தார். பெண்களுக்கு வட்டம், ஆண்களுக்குக் கட்டம் போட்டார். அம்மாவுக்கு ஒரு வட்டம். அதற்குக் கீழே நாங்கள் நான்கு பேர். இறந்தவர்களின் கட்டத்தைக் கறுப்பாக நிரப்பினார். என் வட்டத்துக்குக் கீழே ஒரு கட்டம் போட்டு, "பேர்?" என்றார்.

"கதிர்."

அதையும் கறுப்பாக்கினார். கலாவின் வட்டத்துக்குக் கீழே தாரணிக்கு ஒரு வட்டம், இனியனுக்கு ஒரு கட்டம். அந்தக் கட்டத்தைப் பாதி மட்டும் நிரப்பிவிட்டுப் பேனாவை எடுத்துவிட்டார். சரவணன் நாற்காலியைத் தள்ளிவிட்டு வெளியே போனார். மாமா அசையாமல் அந்தத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

வராந்தாவில் டாக்டர் சென்னையில் யாரிடமோ போனில் ஆங்கிலத்தில் பேசியது கேட்டது. "பத்து வாரக் குழந்தை. ஆண். தாய்வழியில் மூன்று ஆண் குழந்தைகள் இறந்திருக்கிறார்கள். ஆமாம், மூன்று. இல்லை, ஒருவரையும் யாரும் சோதித்ததில்லை. அந்த அக்கா சொல்லியிருக்காவிட்டால் எனக்கும் தோன்றியிருக்காது."

ஐந்தாம் நாள் குழந்தை கண் விழித்தான். அன்று காலைதான் டாக்டர் எங்களுக்கு விளக்கினார். கண்ணாடிக்கு வெளியே நின்றபடி தன் நெஞ்சில், கழுத்துக்குக் கீழே விரலை வைத்தார்.

"இந்த எலும்புக்குப் பின்னாடி, இதயத்துக்கு மேல தைமஸ்னு ஒரு சுரப்பி இருக்கு. நமக்கெல்லாம் சுருங்கிப் போயிருக்கும், குழந்தைக்குப் பெரிசா இருக்கும். எலும்பு மஜ்ஜையில பொறக்குற டி செல்லுங்க அங்கதான் வந்து வளருது. கிருமியோட சண்டை போட வேண்டிய செல்லுங்க அது. ஆனா சிலது நம்ம உடம்பையே எதிரின்னு நெனைக்கும். தைமஸ்ல அதச் சோதிச்சிப் பாக்கும். நம்ம உடம்பைப் பலமாப் புடிக்கிற செல்லை அங்கயே சாகடிச்சிரும்."

"எல்லாத்தையுமா?" என்று மாமா கேட்டார்.

"எல்லாத்தையும் முடியாது. சிலது தப்பிச்சி வெளிய வந்துரும். உங்க உடம்புலயும் இருக்கு, என் உடம்புலயும் இருக்கு. அதுங்களை அடக்கி வைக்கத்தான் அதே தைமஸ் இன்னொரு வகை டி செல்லை உண்டாக்கி அனுப்புது. ஒழுங்குபடுத்துற செல்லுன்னு பேரு. அது சண்டை போடாது. சண்டை போடுறவங்களை நிறுத்தும். அந்த செல்லு வேலை செய்ய ஒரு ஜீன் வேணும். இவனுக்கு அந்த ஜீன்ல தப்பு இருக்கும்னு நான் நெனைக்கிறேன். அதான் இவன் செல்லுங்களே இவன் குடலை, தோலை, இன்சுலின் சுரக்கிற கணையத்தை அடிக்குது."

மாமா கொஞ்ச நேரம் யோசித்தார். "அப்ப வண்டி நல்லா ஓடுது. பிரேக்குதான் புடிக்கல."

"அதேதான் ஐயா."

"ஆம்பளப் புள்ளைக்கு மட்டும் ஏன்?"

"அந்த ஜீன் எக்ஸ் குரோமோசோம்ல இருக்கு. பொண்ணுங்களுக்கு எக்ஸ் ரெண்டு. ஒண்ணு கெட்டாலும் இன்னொண்ணு காப்பாத்தும். பையனுக்கு ஒண்ணே ஒண்ணுதான், அதுவும் அம்மாகிட்டேருந்து வந்தது. அம்மா செஞ்ச தப்பு இதுல எதுவும் இல்ல. சாப்பாடு, பால், எதுவும் இல்ல."

"பாலும் இல்லையா டாக்டர்?" என்று நான் திரும்பவும் கேட்டேன்.

ரத்தத்தைச் சென்னைக்கு அனுப்பினார்கள். முடிவு வரும்வரை எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மருந்தைச் சிறு அளவில் தொடங்கினார்கள். அதில் ஓர் ஆபத்து இருந்தது. அடக்கினால் சாதாரணச் சளி, காய்ச்சல்கூட அவனைக் கொண்டுபோகலாம். அடக்காவிட்டால் அவன் உடம்பே அவனைத் தின்றுவிடும். ஆகவே கதவைத் தொடுபவர்கள் எல்லாரும் எனக்குப் பகைவராகத் தெரிந்தார்கள். யாராவது தும்மினால் திரும்பி முறைத்தேன்.

கீழ வீதிக்குப் பக்கத்தில் ஒரு லாட்ஜில் அறை எடுத்திருந்தோம். பகலெல்லாம் ஆஸ்பத்திரி வராந்தா. சிதம்பரத்துக்கு வருகிறவர்கள் நடராஜரைப் பார்க்க வருவார்கள். நான் அந்தக் கோபுரத்தைத் தினமும் ஆட்டோவிலிருந்துதான் பார்த்தேன். கும்பிடக்கூடப் பயம், என்ன கேட்பது, கேட்டால் எதை எடுத்துக்கொள்வார் என்று.

கலா என்னோடு பேசவில்லை. ஆறாம் நாள் மட்டும் ஒரு வார்த்தை சொன்னாள்: "நீ என் வாழ்க்கையக் கெடுத்துட்ட." சரவணன் என்னைத் தேடி வந்து, "கலாவுக்குத் தெரியுமாக்கா? தெரிஞ்சேவா எங்கிட்ட மறைச்சா?" என்று கேட்டார்.

"அவளுக்கு அப்ப பதினஞ்சு வயசு, தம்பி. எங்க யாருக்குமே என்னன்னு தெரியாது. பயம் மட்டும்தான் இருந்துச்சு. பயந்துதான் மறைச்சோம்."

அவர் உள்ளே போய்க் கலாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். தோளைத் தொடவில்லை. ஆனால் எழுந்தும் போகவில்லை.

ஏழாம் நாள் காலை மாமா என்னை ஓர் ஓட்டலுக்குக் கூட்டிப்போனார். மூன்று நாளாக அவரும் என்னோடு பேசியிருக்கவில்லை. இட்லியும் கத்திரிக்காய் கொத்சும் வந்தது. சிதம்பரத்துக் கொத்சு என்று ஈப்போவிலேயே பேர் கேட்டிருக்கிறேன். மிளகாயும் கொத்தமல்லி விதையும் வறுத்து அரைத்த வாசம் எழுந்தது. கையை வைக்க மனம் வரவில்லை.

"ஒண்ணு சொல்றேம்மா, கோச்சிக்காத" என்றார். "வந்த அன்னிக்கே சொல்லியிருந்தீன்னா மூணு நாளு முன்னாடியே இங்க வந்திருப்போம்."

"ஆமாம் மாமா."

"அந்தக் கோவம் எனக்கு இருக்கு. இல்லன்னு சொல்ல மாட்டேன்." இட்லியைப் பிட்டார். "ஆனா நானும் மூணு வாரமா அத வேர்க்குருன்னு சொல்லிகினு பவுடர் போட்டவந்தான். நீ அந்த ரூம்ல வாயத் தொறந்தப்ப ஒன் மூஞ்சியப் பாத்தேன். இத்தினி வருசம் பஸ் ஓட்டினேன், எதுக்க லாரி ஏறி வந்தப்பகூட நான் அப்படி பயந்ததில்ல. சாப்டு. நீ வுழுந்துட்டா அந்தப் பொண்ண யாரு பாப்பாங்க?"

சாப்பிட்டேன். காரம் கண்ணில் நீரை வரவழைத்தது. அதற்குப் பிறகு அழுவது சுலபமாக இருந்தது.

விடுப்பை நீட்டித்தேன். பதினாறாம் நாள் முடிவு வந்தது. டாக்டர் ஜெசிந்தா சொன்னதுதான். அந்த ஜீனில் ஒரே ஓர் எழுத்து மாறியிருந்தது.

"இனிமே என்ன?" என்றார் சரவணன்.

"வேற ஒருத்தரோட எலும்பு மஜ்ஜை வேணும். அதுலேருந்து பொறக்குற செல்லுங்க இவனோட தைமஸுக்குப் போகும். இவன் தைமஸ்ல குறை ஒண்ணும் இல்ல, அது அந்தப் புது செல்லுங்களுக்குத் தன் வேலையைச் செய்யும். சரியான ஒழுங்குபடுத்துற செல்லு அப்பதான் கெடைக்கும். சென்னையில செய்வாங்க. பொருந்தணும். கூடப்பிறந்தவங்கன்னா நல்லது." அவர் தயங்கினார். "ஒளிக்காம சொல்றேன். அதுலயும் ஆபத்து இருக்கு. எல்லாக் குழந்தையும் தாண்டறதில்ல."

தாரணியின் ரத்தத்தை எடுக்க வேண்டியிருந்தது. மொட்டைத் தலையோடு வந்து நின்ற அவளிடம் கலா எப்படிச் சொல்வதென்று தெரியாமல் நின்றாள். "தம்பிக்கு ஒடம்புக்குள்ள நல்ல செல்லு இல்லியாம், உன்கிட்ட இருக்கான்னு பாக்கணுமாம்" என்று மாமாதான் சொன்னார்.

"இருந்தா குடுத்துட்டு எனக்கு இருக்குமா?"

"திரும்ப ஊறிக்குமாம்."

"அப்ப எடுத்துக்கட்டும்" என்று கையை நீட்டினாள். ஊசி குத்தியதும் ஊரே கேட்கக் கத்தினாள்.

பொருந்தியது. தாரணியும் அந்த ஜீனைச் சுமக்கிறாளா என்று அதோடு பார்த்தார்கள். இல்லை என்று வந்தது. கலா அந்தச் சேதியை என்னிடம்தான் முதலில் வந்து சொன்னாள். பதினைந்து நாளைக்குப் பிறகு என்னை அக்கா என்று கூப்பிட்டாள்.

நான் ஊர் திரும்பிய பிறகுதான் சென்னையில் எல்லாம் நடந்தது. சில மாதம் மருந்தாலும் குழாய் வழிப் பாலாலும் அவன் எடையை ஏற்றினார்கள். பிறகு அவனுடைய பழைய மஜ்ஜையை மருந்தால் அழித்துவிட்டு, தாரணியுடையதை ஒரு பை ரத்தம் போல ஏற்றினார்கள். புது மஜ்ஜை பிடிக்கிறதா என்று காத்திருந்த மூன்று வாரமும் நான் தபால் கவுன்ட்டரில் ரசீது மாற்றி மாற்றிக் கொடுத்தேன். போன் மேசையிலேயே இருந்தது. அது அதிரும்போதெல்லாம் எடுக்கப் பயமாக இருந்தது.

மஜ்ஜை ஏற்றிய இருபத்திரண்டாம் நாள் சரவணன் கூப்பிட்டார். "அக்கா, புது செல்லு வந்துருச்சு. ரத்தத்துல தெரியுதாம்." அவ்வளவுதான் சொன்னார். பின்னால் மாமாவின் குரல், "நல்லா சத்தமா சொல்லுடா" என்றது.

இப்போது இனியனுக்கு ஒன்றரை வயது தாண்டிவிட்டது. தோல் சுத்தமாக இருக்கிறது, வயிற்றுப்போக்கு நின்றுவிட்டது. ஆனால் கணையத்தில் அழிந்துபோன செல்கள் திரும்பி வராது. தினமும் இன்சுலின் ஊசி உண்டு, காலம் முழுக்க. சரவணன்தான் போடுகிறார். கலாவுக்குக் கை வராது.

என் ரத்தத்தையும் ஈப்போவில் சோதித்தார்கள். எனக்கும் அதே எழுத்து மாற்றம் இருந்தது. அந்தத் தாளை எடுத்துக்கொண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, ஈப்போவிலேயே புந்தோங்கில் இருக்கும் அம்மா வீட்டுக்குப் போனேன். ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டிய அம்மாவுக்கு வயது எழுபதைத் தாண்டிவிட்டது. அடுப்படியில் உட்கார்ந்து நெத்திலி ஆய்ந்துகொண்டிருந்தாள். டாக்டர் ஜெசிந்தா சொன்னதை எனக்குத் தெரிந்த அளவில், மெதுவாகச் சொன்னேன். அம்மா தலையை நிமிர்த்தவில்லை. மீனின் தலையைக் கிள்ளுவதும் நிற்கவில்லை.

முடித்தபோது கேட்டாள். "செத்துப்போன ரெண்டு பசங்களுக்குமா?"

"ரெண்டு பேருக்கும்தான் இருந்திருக்கும்மா. கதிருக்கும்."

"சின்னவன, கைப்புள்ளைங்களப் பாத்துக்குற ஆயாக்கொட்டாயில வுட்டுட்டுப் பால்மரம் வெட்டப் போனேன். பெத்த மொத மாசமே போயிட்டேன். கங்காணி பேர வெட்டிடுவான்னு. அதனால இல்லையா?"

"அதனால இல்லம்மா. நீ வீட்டுலயே மடியில வச்சிருந்தாலும் அப்படித்தான் ஆகியிருக்கும்."

அம்மா மீனை வைத்துவிட்டாள். எழுந்து போய்க் கையை நன்றாகச் சோப்புப் போட்டுக் கழுவினாள். ஈரத்தைப் புடவையில் துடைத்துக்கொண்டு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"பெரியவன் பேரு சுந்தரம்" என்றாள். "ஒனக்குச் சின்னவன் பேரு ஞாபகம் இருக்கா? அப்ப ஒனக்கு ஏழு வயசு."

"கோபால்" என்றேன்.